பின்சுவரில் ஒரு கச்சாத் தையல்

கூடாரத்தில் தங்கப் போகிறோம் என்று கணவர் அறிவித்ததும் டெய்லரம்மா கேட்ட முதல் கேள்வி, அங்கே பாத்ரூம் எங்கே இருக்கும் என்பதுதான். கூடாரம் ஓசியில் கிடைத்த சந்தோஷத்தில் மனிதர் வேறு எதையும் யோசித்திருக்கவில்லை.

அவர் பஸ் டிரைவர். பயணிகள் மறந்துவிட்டுப் போகிற சாமான்களை டிப்போவில் ஓர் அறையில் போட்டு வைப்பார்கள். குடை, சாப்பாட்டு டப்பா, ஒற்றைச் செருப்பு, ஒருமுறை ஒரு பல்செட்டுகூட வந்ததுண்டு. யாரும் தேடி வராவிட்டால் ஊழியர்களே எடுத்துக்கொள்ளலாம். அப்படித்தான் அந்தப் பெரிய பச்சைப் பை வீட்டுக்கு வந்தது. பஸ்ஸின் கடைசி சீட்டில் கிடந்ததாம்.

"கம்பி கிம்பி எதுவும் கிடையாது. காத்தடிச்சா தானா எந்திரிச்சு நிக்கும். ரெண்டு ரூம், ஒரு ஹால். நம்ம வீட்டை விடப் பெருசு" என்றார்.

"இவ்ளோ நல்ல சாமானை ஒருத்தர் பஸ்ஸுல விட்டுட்டுப் போவாங்களா? தேடிக்கிட்டு வர மாட்டாங்க?"

"வரலையே. நான் வீடு வீடாப் போயா கேக்க முடியும்?"

அவர்களுடைய மகள், இரண்டாம் வகுப்பு படிக்கிறவள், வீட்டில் வாண்டு என்றுதான் பெயர், அன்றைக்கே பையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அம்மாவின் பேச்சு எடுபடவில்லை.

ஏரிக்கரை முகாமுக்குக் கார் வந்து சேர்ந்தபோது வெயில் இன்னும் மிச்சமிருந்தது. அங்கே வேறு ஒரு குடும்பமும் இல்லை. மழைக்காலத்தில் விவரமானவர்கள் யாரும் கூடாரம் போட வரமாட்டார்கள் என்று காவல்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவருடைய குடிசை வாசலோரம் இருந்தது. இவர்களுக்குக் கிடைத்த இடம் அங்கிருந்து தள்ளி, முள்வேலியை ஒட்டி. வேலிக்கு அப்புறம் சரிவு, சரிவின் கீழே தண்ணீர்.

பையைப் பிரித்ததும் முதல் உண்மை வெளியே வந்தது. காற்றடிக்கும் பம்பு இல்லை.

"பையிலயே இருக்கும்னு நெனச்சேன்" என்றார் டிரைவர்.

"தலை கழுத்தோட ஒட்டியிருக்கு. இல்லன்னா அதையும் டிப்போவுலயே வச்சுட்டு வந்திருப்பீங்க."

காவல்காரரிடம் ஒரு மிதி பம்பு இருந்தது. காலால் மிதித்தால் காற்றுத் தள்ளுகிற பழைய வகை. கொடுக்கும்போதே கறாராகச் சொன்னார். "வேலை முடிஞ்சதும் கையோட திருப்பிக் குடுத்துடுங்க சார். இங்க இரவல் போற எதுவும் எனக்குத் திரும்பி வந்ததில்ல."

தரை விரிப்பை விரித்தார்கள். மூலைகளில் முளையடித்தார்கள். துணிக்குள் சைக்கிள் ட்யூபைப் போலப் பருத்த குழாய்கள் வைத்துத் தைத்திருந்தது. அவைதான் தூண். டிரைவர் மிதிக்கத் தொடங்கினார். புஸ்... டக். புஸ்... டக். கொஞ்ச நேரத்தில் சட்டையைக் கழற்றினார். இன்னும் கொஞ்ச நேரத்தில் பேச்சை நிறுத்தினார். தரையில் கிடந்த துணி முதலில் முதுகை வளைத்தது, பிறகு தோளைத் தூக்கியது, கடைசியில் எழுந்தே நின்றுவிட்டது. வாண்டு கைதட்டினாள். டெய்லரம்மாவுக்கும் உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு, பம்பைத் திருப்பிக் கொடுக்க டிரைவர் கிளம்பினார். அவர் குடிசையை எட்டவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. அம்மாவும் மகளும் கூடாரத்துக்குள் ஓடி வந்து வாசல் ஜிப்பை இழுத்து மூடினார்கள்.

உள்ளே ரப்பர் வாடை அடித்தது. ஈரத் துணியின் முடைநாற்றம். அதற்கும் அடியில், பல நாள் கழுவாத தலைமுடியின் வாடை. சாயங்கால வெளிச்சம் துணி வழியாக வடிகட்டி வந்ததில் எல்லாமே பச்சையாகத் தெரிந்தது.

"இதுதான் என் ரூம்" என்று இடப்பக்க அறைக்குள் புகுந்துகொண்டாள் வாண்டு.

டெய்லரம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் திரைச்சீலையின் ஓரத்தைப் புரட்டித் தையலைப் பார்ப்பாள். இங்கேயும் சுவரைத் தடவிக்கொண்டே போனாள். மிஷின் தையல், அருமையான வேலை. ஆனால் வாண்டுவின் அறையின் பின்சுவரில் மட்டும் கையால் போட்ட வெள்ளை நூல் ஒன்று மேலிருந்து கீழாக ஓடியது. பெரிது பெரிதான, கோணல்மாணலான ஓட்டம். கச்சாத் தையல். இரண்டு துணியைத் தற்காலிகமாகச் சேர்த்துப் பிடிக்கப் போடுவது. மிஷினில் அடித்து முடித்ததும் உருவி எறிந்துவிட வேண்டும். அதை விட்டு வைத்திருப்பதைப் பார்த்தால் அவளுக்குக் கை அரிக்கும். வாழ்நாளில் எத்தனை ஆயிரம் உருவியிருப்பாள். முடிச்சு இந்தப் பக்கம்தான் இருந்தது. இடுப்பில் எப்போதும் செருகியிருக்கும் சின்னத் தகர டப்பாவிலிருந்து பிளேடை எடுத்தாள், முடிச்சை நறுக்கினாள், நூலை இழுத்தாள்.

நூல் முழுதாகக் கையோடு வந்தது.

சுவர் பிளந்து தொங்கியது. பின்னால் இன்னோர் அறை.

"ஐ! மூணாவது ரூம்!" வாண்டு அம்மாவின் கைக்கடியில் நுழைந்து உள்ளே தவழ்ந்துவிட்டாள்.

ஒரு நிமிஷம் டெய்லரம்மாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஓர் அறை லாபம். அப்புறம்தான், பின்பக்கத்து முளைகளை அடித்தது தான்தான் என்பது ஞாபகம் வந்தது. அடிக்கும்போது முழங்கையில் முள் கீறிய இடம் இன்னும் எரிந்தது. கூடாரத்தின் பின்சுவருக்கும் வேலிக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கக்கூட இடம் கிடையாது.

"வாண்டு, வெளிய வா."

"அம்மா, இது பெருசா இருக்கும்மா."

குரல் தொலைவிலிருந்து வந்தது.

"விளையாடாத. வான்னா வரணும்."

தலைக்கு மேலே ஏதோ உஸ்ஸென்றது. நிமிர்ந்து பார்த்தாள். கல்லாக நின்ற காற்றுத் தூண் மெல்லச் சுருங்கிக்கொண்டிருந்தது. கூரை தொய்ந்து அவள் தலைமுடியைத் தொட்டது. பிளவுக்குள் எட்டிப் பார்த்தாள். அங்கே கூரை இன்னும் தாழ்ந்திருந்தது. இருட்டுக்குள் துணி மெதுவாக, அவசரமே இல்லாமல், தரையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா... வழி தெரியலம்மா. மேல படுதும்மா."

டெய்லரம்மா வாசலுக்குப் பாய்ந்தாள். கணவரைக் கூப்பிட வேண்டும். ஜிப்பின் ரன்னரைப் பிடித்து இழுத்தாள். அது சுலபமாக நகர்ந்தது. ஆனால் நகர்ந்த இடமெல்லாம் பின்னாலேயே பல்லோடு பல் கோத்து மூடிக்கொண்டது. மறுபடி இழுத்தாள். மறுபடி மூடியது. ஜிப்போடு இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவள் அவள். இப்படி ஒரு ஜிப்பைப் பார்த்ததில்லை. பிளேடால் துணியைக் கிழித்தாள். பிளேடு வழுக்கியது. இன்னொரு முறை, உடல் எடையெல்லாம் போட்டுக் கிழித்தாள். ஒரு கோடுகூட விழவில்லை.

"ஏங்க! ஏங்க! கூடாரம் விழுது! பம்பை எடுத்துட்டு ஓடி வாங்க!"

மழைச் சத்தம்.

"ஏங்க!"

அப்போது கேட்டது.

புஸ்... டக்.

புஸ்... டக்.

தூண் விறைத்தது. கூரை ஒரு சாண் எழும்பியது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த மனுஷனை எத்தனை திட்டியிருப்போம், வந்துவிட்டாரே என்று நினைத்தாள்.

"வாண்டு உள்ள மாட்டிக்கிட்டா! நான் போய்த் தூக்கிட்டு வர்றேன். நிறுத்தாம மிதிங்க. செத்தாலும் நிறுத்தாதீங்க!"

புஸ்... டக்.

அவள் பிளவுக்குள் தலையை நுழைத்தாள்.

உள்ளே தவழத்தான் முடிந்தது. மிதிக்கு ஒருமுறை கூரை முதுகைவிட்டு எழும்பும். அடுத்த மிதிக்குள் திரும்ப வந்து முதுகில் படியும். எழும்பும்போது ஊர்ந்தாள். படியும்போது தரையோடு தரையாகக் கிடந்தாள். ஈரத் துணி முகத்தை மூடி, மூக்குத் துவாரத்தில் ஒட்டி, வாய்க்குள் போகப் பார்த்தது. அந்தத் தலைமுடி வாடை இங்கே தாங்க முடியவில்லை. தரை நீண்டுகொண்டே போனது. கூடாரத்தைத் தாண்டி, வேலியைத் தாண்டி, தண்ணீர் இருக்கவேண்டிய இடத்தையும் தாண்டிவிட்டோமோ என்று தோன்றியது. இங்கேயே கிடந்து சாகப்போகிறோம் என்று அவள் நிஜமாகவே நம்பினாள்.

மிதிக்கிற சத்தம் மட்டும் கூடவே வந்தது. காதுக்குப் பக்கத்தில், துணிக்கு அந்தப் புறம் என்று நினைத்தாள். மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. பாவம், இந்த வயதில் இப்படி மிதித்தால் நெஞ்சு வலி வந்துவிடுமே என்றுகூட ஒரு கணம் கவலைப்பட்டாள்.

"நிறுத்திடாதீங்க" என்று கிசுகிசுத்தாள்.

"ம்" என்றது மூச்சு.

கையில் ஒரு சின்னக் கால் தட்டுப்பட்டது. சில்லிட்டிருந்தது. இழுத்தாள்.

"அம்மா, மெதுவா" என்றது வாண்டுவின் குரல், ரகசியமாக. "பாப்பா தூங்குறா."

"எந்தப் பாப்பாவும் இல்ல. என் கழுத்தைக் கட்டிக்கோ."

வாண்டுவுக்கு அந்தப் பக்கம் துணி தரையோடு படிந்து கிடந்தது. ஓரிடத்தில் மட்டும் சின்னதாக மேடிட்டிருந்தது. தலையணையாக இருக்கும். டெய்லரம்மா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மகளை வயிற்றுக்கடியில் போட்டுக்கொண்டு, வந்த வழியே பின்னோக்கி ஊர்ந்தாள். எழும்பும்போது ஊர்ந்து, படியும்போது கிடந்து, மறுபடி ஊர்ந்து.

பச்சை வெளிச்சம் தெரிந்தது. பிளவு. மகளை வெளியே தள்ளித் தானும் விழுந்தாள்.

பிளவு மூடவில்லை.

அது உள்ளிழுத்தது. ஓரத்துத் துணி உள்பக்கமாக மடங்கியது. வாண்டுவின் போர்வை தரையில் தானாக நகர்ந்து, பிளவுக்குள் போய் மறைந்தது. அடுத்து வாண்டுவின் பாவாடை நுனி அந்தப் பக்கம் இழுபட்டது. டெய்லரம்மா யோசிக்கவில்லை. டப்பாவிலிருந்து ஊசியை எடுத்தாள், கீழே கிடந்த அதே நூலைக் கோத்தாள், மகளின் மேல் ஒரு காலைப் போட்டு அழுத்திக்கொண்டு தைக்க ஆரம்பித்தாள். அழகு பார்க்க நேரமில்லை. பெரிது பெரிதாக, கோணல்மாணலாக, கீழிருந்து மேலாக.

தைக்கத் தைக்க, மிதிக்கிற சத்தம் வேகமாகியது.

புஸ் டக் புஸ் டக் புஸ் டக்.

"போதுங்க, வந்துட்டோம்!" என்று கத்தினாள். "விட்டுடுங்க!"

நிற்கவில்லை. அவள் கடைசி முடிச்சைப் போட்டு நூலைப் பல்லால் கடித்தாள். அந்த நொடி சத்தம் தேய்ந்து, மிக மெல்லியதாகி, மழைக்குள் கலந்தது.

வாசல் ஜிப் சரேலென்று திறந்தது. டிரைவர் தலைக்கு மேல் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டையெல்லாம் காய்ந்திருந்தது.

"என்ன, ரெண்டு பேரும் இப்படித் தரையில கிடக்கீங்க?"

"கால் வலிக்குதா? உக்காருங்க, உக்காருங்க" என்றாள் அவள், அழுதுகொண்டே.

"எனக்கு எதுக்குக் கால் வலிக்கணும்? மழையில எப்படி வர்றதுன்னு இவ்ளோ நேரம் அந்தக் காவல்காரர்கிட்ட கதை பேசிக்கிட்டு உக்காந்திருந்தேன். சாக்கு குடுத்தாரு, வந்தேன்."

"பம்பு?"

"அது அப்பவே குடுத்தாச்சே."

டெய்லரம்மா எழுந்தாள். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். செருப்பைத் தேடவில்லை, பாயைச் சுருட்டவில்லை. "கார் எடுங்க" என்றாள். அந்தக் குரலைக் கேட்ட டிரைவர் ஏன் என்று கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் அது ஒன்று.

மெயின் ரோட்டுக்கு வந்த பிறகுதான் வாண்டு பேசினாள்.

"அந்த அங்கிளையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்மா."

"எந்த அங்கிள்?"

"உள்ள காத்தடிச்சுக்கிட்டு இருந்தாரே, அவரு. நீ அவரைத் தாண்டித்தானே வந்த? அந்தப் பாப்பா அவரோட பாப்பா. அவ ரொம்பத் தள்ளித் தூங்குறா. போய்த் தூக்கலாம்ல, ஏன் தூக்கலன்னு கேட்டேன். காலை எடுத்தா கூரை அவ மேல விழுந்துடும்னு சொன்னாரு."

வைப்பர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது. டெய்லரம்மா தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தர் மிதிக்க வேண்டும், இன்னொருத்தர் போய்த் தூக்க வேண்டும். இவளுக்கு மிதிக்க ஆள் இருந்தது. தைக்கும்போது உள்ளே இருந்தவர் ஏன் அவ்வளவு வேகமாக மிதித்தார் என்பது இப்போது புரிந்தது. மூடிவிடாதே என்று கெஞ்சியிருக்கிறார். முன்பு அந்தச் சுவரைத் தைத்தவளும் இதே மாதிரி, தன் ஆட்களைக் காப்பாற்றிக்கொண்டு அவசர அவசரமாகத்தான் தைத்திருப்பாள். டெய்லரம்மா பின்னால் திரும்பி ரோட்டைப் பார்த்தாள். ஆனாலும் காரைத் திருப்பச் சொல்ல வாய் வரவில்லை. மடியில் மகள் இருந்தாள். கதகதப்பாக, கனமாக இருந்தாள்.

மறுநாள் காலையில் காவல்காரர் போன் பண்ணினார். டிரைவர் எடுத்துப் பேசி, சிரித்து, சட்டென்று சிரிப்பை நிறுத்தி, போனை மனைவியிடம் நீட்டினார்.

"அம்மா, இப்படி அப்படியே விட்டுட்டுப் போனா எப்படிம்மா? இன்னிக்கு வேற ஆளுங்க வர்றாங்க. சரி, நானே மடிச்சு வைக்கலாம்னு மூடியெல்லாம் திறந்து காத்தை இறக்கிட்டேன். எல்லாத் தூணும் சவசவன்னு தொங்குது. ஆனா கூடாரம் விழ மாட்டேங்குது. அப்படியே நிக்குது. கத்தியால கிழிச்சுப் போட்டுடவா?"

"கிழிக்காதீங்க!" அவள் போட்ட சத்தத்தில் வாண்டு விழித்துக்கொண்டாள். "கிழிக்காதீங்கண்ணே. உள்ள போங்க. இடது பக்கத்து ரூம். பின்சுவர்ல வெள்ளை நூல் ஒண்ணு தெரியும். அதைத் தொடாதீங்க. போனை மட்டும் அதுகிட்ட வைங்க."

"எதுக்கும்மா?"

"வைங்கண்ணே."

நடக்கிற சத்தம் கேட்டது. துணி உரசுகிற சத்தம். பிறகு, வெகு தூரத்திலிருந்து, களைத்து, ஒரே சீராக.

புஸ்... டக். புஸ்... டக்.

டெய்லரம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நான்தான்" என்றாள். "நேத்து வந்தேனே. கேக்குதா உங்களுக்கு?"

மிதி நின்றது.

அந்த மௌனத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள், ஏதோ சொல்வதற்காக.

"அய்யோ!" காவல்காரர் அலறினார். "கூரை இறங்குதும்மா! என் தலை மேல இறங்குது!"

"பேசாதீங்க!" அவள் தொண்டை கிழியக் கத்தினாள். "பதில் சொல்லாதீங்க! மிதிங்க! நீங்க மிதிங்க!"

ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்றுமே கேட்கவில்லை.

புஸ்... டக்.

"இறங்குறது நின்னுடுச்சும்மா" என்றார் காவல்காரர், நடுங்கிய குரலில். "மறுபடி மேல ஏறுது."